வழுக்குப் பாறையில் ஒரு படம்

சித்தேரி மலையில் எங்கள் ஊருக்கு இன்னும் ரோடு கிடையாது. பிரசவ வலி கண்டால் கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கிக்கொண்டு, ஆம்புலன்ஸ் நிற்கும் இடம்வரை ஓட வேண்டும். போன ஐப்பசியில் செல்லியை அப்படித்தான் நானும் முனிராஜும் தூக்கினோம்.

மலைத் தாய்மாரின் கஷ்டத்தைப் படம் எடுக்க வந்திருந்த மாதவராஜும் கூடவே வந்தார். வழுக்குப் பாறையில் மூங்கிலைப் பிடித்து நிறுத்தினார்.

"கொஞ்சம் இறக்குங்க. மேகம் விலகட்டும். ஒரே ஒரு படம்."

படம் வெளியே வந்தால் ரோடு வரும் என்றார். நம்பி இறக்கினோம்.

"மாரியப்பண்ணா, தூக்குங்கண்ணா... வலி தாங்கல" என்று செல்லி கெஞ்சினாள். மேகம் விலக இருபது நிமிடம் ஆனது. ஆம்புலன்ஸைக் கண்ணால் பார்க்காமலே தாயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்தார்கள்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. ரோடு வரவில்லை.

இந்தத் தை மாதம் அதே ஆள், வெட்கமே இல்லாமல், கேமராவோடு வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் சாமைக் காட்டில் அவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது.

"உசுருடா மாரியப்பா, தூக்கு" என்றான் முனிராஜ்.

செல்லியைத் தூக்கிய அதே கம்பளிதான். வழுக்குப் பாறையில் மூங்கில் திடீரென்று கனத்தது.

இரண்டு ஆள் கனம்.

தோள் தாங்காமல் இறக்கினோம். பனிக்குடத் தண்ணீர் வாடை குப்பென்று அடித்தது. கம்பளி நனைந்து சொட்டியது.

"தூக்குங்க... தூக்குங்கய்யா..." மாதவராஜ் கெஞ்சினார். மூங்கில் அசையவில்லை.

என் காதோரம் ஒரு பெண் குரல்.

"கொஞ்சம் இருங்கண்ணா. மேகம் விலகட்டும்."

வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

கிளிக்.

அதுவரை அவர் கழுத்தில் தொங்கிய கேமரா இப்போது எதிர்ப் பாறைமேல் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

இருபது நிமிடம் கழித்து மூங்கில் லேசானது. அவர் மூச்சு நின்றிருந்தது.

கேமராவைப் போலீஸிடம் கொடுக்கும் முன் கடைசிப் படத்தைப் பார்த்தோம். தூளியில் மாதவராஜ் மங்கலாகத் தெரிந்தார். தெளிவாக விழுந்திருந்தவை எங்கள் இரண்டு முகங்கள்.

அவளை இறக்கி வைத்த கைகள் எங்களுடையவைதானே.

இன்று காலை முனிராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பின்னால் தூக்க ஆள் தேடிப் போயிருக்கிறார்கள். தூளி கட்ட நான் கம்பளியை எடுத்தேன். பத்து நாளாக வெயிலில் காய்ந்த கம்பளி.

என் கையில் ஈரம் சொட்டுகிறது.