காயாத சீட்

கான்டெசாவின் முன்பக்க இடது சீட் ஈரமாக இருந்தது.

சித்திரை வெயிலில் தூத்துக்குடியே கருவாடாய்க் காய்ந்துகொண்டிருந்த நேரம். மூன்று பக்கச் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாக வெந்துகொண்டிருந்த ஷெட்டுக்குள் நிற்கும் காரில் ஒரு சீட் எப்படி நனையும்? ஏஞ்சலின் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பஞ்சு பொதுக்கென்று உள்ளே போய், விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. முகர்ந்தாள். பிறந்ததிலிருந்து கடலை முகர்ந்து வளர்ந்தவள். இது கடல் இல்லை. உப்பே இல்லாத, வயலில் தேங்கி நின்ற சேற்றுத் தண்ணீரின் வாடை. அதற்கும் அடியில், தலை குளித்துவிட்டுத் துவட்டாமல் விட்ட கூந்தலின் வாடை.

பொம்பளை என்று அவள் மூக்கு அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டது. அந்த மூக்கைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. எதிர்வீட்டு ரீனாவின் புருசனுக்குத் துபாயில் வேலை போன செய்தி ரீனாவுக்கு எட்டுமுன் ஏஞ்சலினுக்கு எட்டிவிட்டது. தெருவில் யார் வீட்டில் மிக்ஸி பழுது, யார் வீட்டில் புருசன் பெண்டாட்டிக்குள் பேச்சில்லை என்பதெல்லாம் விரல் நுனியில். அடுத்தவர் ஜன்னல்களிலேயே இத்தனை காலம் கிடந்த கண், தன் வீட்டு ஷெட்டுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

அவள் புருசன் ஹென்றி துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் இந்தக் காரைப் பிடித்து வந்ததிலிருந்து ஆள் ஆளாக இல்லை. வேலை முடிந்து வந்தால் நேரே ஷெட்தான். துரு சுரண்டுவது, பட்டி பார்ப்பது, தேய்ப்பது. பழைய பெட்ரோல் இன்ஜினுக்குப் பதிலாக ஒரு ஜீப்பின் டீசல் இன்ஜினை வைக்கப் போவதாகச் சொல்லி, மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவன் போல அலைந்தான். யாருடைய கார் என்று கேட்டால் மட்டும், பழைய வண்டி என்று முணுமுணுத்துவிட்டு ஸ்பானரைத் தேடத் தொடங்கிவிடுவான். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள். எதையாவது மறைக்கும்போதுதான் அவனுக்கு ஸ்பானர் காணாமல் போகும்.

மறுநாள் பீச் ரோட்டு முனையில் பெர்சி அண்ணாச்சியின் மளிகைக் கடைக்குப் போனாள்.

"என்ன தங்கச்சி, காரு ரெடியாயிட்டு போல" என்றார் அவர், சீனியை நிறுத்தபடியே. "நேத்து வெளக்கு வைக்குத நேரம் ரெண்டு பேருமா போனிய. கை காட்டுனேன், நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் ஏஞ்சலின் ரீனா வீட்டு மாடியில் உட்கார்ந்து, அவள் புருசனுக்கு வேலை போனதற்கு அனுதாபம் தெரிவித்துக்கொண்டிருந்தாள்.

"நானா அண்ணாச்சி?"

"பின்ன வேற யாரு? தல குளிச்சு முடிய விரிச்சுப் போட்டிருந்திய. வண்டி பிரமாதம் தங்கச்சி. டீசல்னாவ, ஒரு சத்தம் இல்ல. தோணி மாதிரி வழுக்கிட்டுப் போவுது."

கடையில் இன்னும் இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டது ஏஞ்சலினுக்கு முதுகிலேயே தெரிந்தது. அவளுக்குத் தெரியாத காதா? தெருக் கதை முழுக்க அவள் வாயில். அவள் வீட்டுக் கதை இவர்கள் வாயிலா? சிரித்தாள்.

"நான்தான் அண்ணாச்சி. கவனிக்கல. அடுத்த தடவ கண்டிப்பா கை காட்டுதேன்."

வீட்டுக்கு வந்ததும் ஹென்றி இல்லாத நேரம் பார்த்துக் காரைச் சல்லடை போட்டாள். சீட்டுக்கு அடியில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று. சீட் பெல்ட்டின் கொக்கியில் சுற்றிக்கொண்டு, இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்த நீள முடி ஒன்று. பின்பக்க இடது கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு கை அச்சு. சின்னக் கை, விரல்கள் அகல விரிந்து. தன் கையை மேலே வைத்துப் பார்த்தாள். அவள் கையைவிடச் சின்னது, அதாவது இளையவள். முந்தானையால் அழுந்தத் துடைத்தாள். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது அச்சு இருந்த இடத்திலேயே இருந்தது. சரியாகத் துடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த கோபத்தில் அப்படித்தான் நினைக்க முடிந்தது.

கேட்டால் ஸ்பானரைத் தேடுவான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். புருசனை ஒருத்தியிடம் விட்டுவிட்டு இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?

சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோவில் பூசைக்குப் போவதாகச் சொல்லி, ஜெபமாலையும் முக்காடுமாக முன்வாசலில் இறங்கி, சந்து வழியே சுற்றிப் பின்பக்கமாக ஷெட்டுக்கு வந்தாள். ஹென்றி குளித்துக்கொண்டிருந்தான். காரின் பின்கதவைத் திறந்து, இரண்டு சீட் வரிசைக்கும் இடையில் ஒடுங்கிப் படுத்து, மேலே தார்ப்பாயை இழுத்துக்கொண்டு, கதவை அதன் உள்பக்க நாடாவால் இழுத்துச் சாத்தினாள். பட்டியும் டீசலும் வியர்வையும் கலந்த புழுக்கம். தார்ப்பாயின் ஓட்டை வழியே பார்த்தால் காருக்கு முன்னால் உத்திரத்திலிருந்து இரும்புச் சங்கிலியில் சாக்கு போர்த்திய ஏதோ ஒன்று தொங்கியது. பழைய இன்ஜினாக இருக்கும். முன் சீட்டிலிருந்து நின்று நின்று, யாரோ யோசித்து யோசித்து விடுவதுபோல, தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

செருப்புச் சத்தம். விளக்கு எரிந்தது. ஹென்றி போனில் பேசிக்கொண்டே வந்தான். ஏஞ்சலின் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வரட்டும், பேரைச் சொல்லட்டும்.

"ஏலே டிக்சன், நீ ஆள் கூட்டிட்டு வந்தாத்தான் ஆவும். புது இன்ஜின் இங்கன செயின்ல தொங்குது. பழச இரும்புக்குப் போட்டாச்சு. பானெட்டத் தொறந்தா வெறும் குழிதான். தள்ளினாத்தான் வண்டி நகரும்."

டிக்சன் அவனோடு துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன். ஏஞ்சலின் கண்களை மூடித் திறந்தாள். இன்ஜினே இல்லை. இன்ஜின் இல்லாத காரில் எவளை ஏற்றிக்கொண்டு எங்கே போவான்? இடுப்பு வலியும் வெட்கமும் சேர்ந்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெர்சி அண்ணாச்சியை மூக்குக்கண்ணாடி மாற்றச் சொல்ல வேண்டும்.

ஹென்றி முன்கதவைத் திறந்து சீட்டைத் தட்டிப் பார்த்தான்.

"இந்தச் சீட்டு காயவே மாட்டேங்கு. புதுப் பஞ்சும் நனையுது." கொஞ்ச நேரம் எதிர்முனையைக் கேட்டான். "இவகிட்ட சொல்லல. வெள்ளத்துல புருசனும் பொஞ்சாதியும் வண்டிக்குள்ளயே முங்கிச் செத்துப்போனாவன்னு சொன்னா, வண்டி ரோட்டுக்கு வாரதுக்கு முன்னாடி கத ரோட்டுக்கு வந்துரும்லா."

கதவைச் சாத்தினான். சீட்டுக்குக் காற்று படட்டும் என்று ஷட்டரை ஏற்றியபடியே விட்டுவிட்டு, விளக்கை அணைத்துப் போனான். அடுக்களையில் தேயிலைப் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

ஏஞ்சலின் தார்ப்பாயை விலக்கி எழுந்தாள். வேகமாக இறங்கிவிட வேண்டும். கதவின் கைப்பிடியைத் தேடிய விரல் ஒரு ஓட்டைக்குள் போனது. பின்கதவுகளின் உள்கைப்பிடிகளையும் கண்ணாடி இறக்கும் பிடிகளையும் ஹென்றி முலாம் பூசக் கழற்றிக் கொடுத்திருந்தான். சரி, முன் சீட்டைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை ஊன்றினாள்.

டிரைவர் சீட்டில் அழுக்குப் படாமல் பாலித்தீன் சுற்றியிருந்தது. அது சரசரத்தது.

ஒருவர் வசதியாக உட்கார்ந்து சாயும் சரசரப்பு.

இடது சீட்டின் பஞ்சு பொதுக்கென்று அமுங்கியது.

கையை இழுத்துக்கொண்டாள். முன்னால் இரண்டு தலைகள். ஒன்றின் ஈரமுடி சீட்டின் முதுகில் வழிந்து தொங்கியது.

சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல் நகர்ந்தது. சத்தமே இல்லை. கார் பின்வாங்கியது. சங்கிலியில் தொங்கிய இன்ஜின் சாக்கோடு அங்கேயே நின்றது. சிறிதாகியது. அடுக்களை ஜன்னலில் ஹென்றியின் முதுகு. தேயிலை வடிகட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க."

மாதா கோவில் மணி அடித்தது. அவன் திரும்பவில்லை.

தெரு. ரீனா வீட்டு மாடி. பீச் ரோடு. பாதத்தில் தண்ணீர். கணுக்காலில். முழங்காலில். சேற்று வாடை. கண்ணாடியிலெல்லாம் உள்ளிருந்து ஆவி படிந்தது.

முனையில் டியூப்லைட் வெளிச்சம். பெர்சி அண்ணாச்சி தராசோடு நின்றார். கடைக்கு முன்னால் ஆட்கள்.

ஏஞ்சலின் இடது கண்ணாடியில் உள்ளங்கையால் அறைந்தாள். மறுபடி. மறுபடி. கத்தினாள். தண்ணீர் வாய்க்குள் வந்தது.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. தராசை வைத்துவிட்டுக் கையை உயரத் தூக்கி ஆட்டினார்.

முன் சீட்டில் இருந்தவள் திரும்பவில்லை. அவள் கை மட்டும் பின்னால் நீண்டு வந்தது. கண்ணாடியில் விரிந்திருந்த ஏஞ்சலினின் கைமேல், விரலுக்கு விரல் படிந்து அழுத்தி, அதை மெல்ல இடமும் வலமும் அசைத்தது, அண்ணாச்சி கையை இறக்கும்வரை.