மணி கட்டிய இஞ்சின்

தோராவின் அப்பா ஆல்கோட் ஓட்டும் புது ரயில் இஞ்சினில் ஒரு சிக்கல். அது சத்தமே போடாது.

பழைய இஞ்சின் வந்தால் குப்குப்பென்று மலையே அதிரும். இதுவோ விர்ரென்ற மெல்லிய முனகலோடு வந்து நிற்கும்.

"ஏம்ப்பா இது குப்குப்னு போக மாட்டேங்குது?"

"இதுல டர்பைன் இருக்கும்மா. முன்னாடி பின்னாடி இடிக்கிற பிஸ்டனே கிடையாது. நீராவி பட்டதும் காத்தாடி மாதிரி சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். நிலக்கரியும் கம்மிதான்." சொல்லும்போதே அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாடுகளுக்குத்தான் அந்தப் பெருமை புரியவில்லை. முன்பெல்லாம் குப்குப் கேட்டதும் ஓடிய மாடுகள், இப்போது தண்டவாளத்தில் படுத்து அசைபோட்டன. விசில் ஊதினால் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அசைபோட்டன. இரும்புத் தாது ஏற்றிய ரயில் மூன்று நாளாகத் துறைமுகத்துக்குத் தாமதம்.

"இன்னிக்கும் லேட்டானா இஞ்சினைத் திருப்பி அனுப்பிடுவாங்க. பெரிய இஞ்சினியரே கூட வர்றாரு," என்றார் அப்பா காலையில். "ஆனா நான் விடுவேனா? பக்கத்துப் பண்ணையில ஒரு மணி வாங்கி இஞ்சின் மூக்குல கட்டிட்டேன். சத்தம் கேட்டா மாடுங்க ஓடிடும்!"

சொல்லிவிட்டுச் சைக்கிளில் பறந்துவிட்டார்.

தோராவுக்குத் திக்கென்றது. "ஐயோ, மாட்டு மணியா!"

ஸ்வீடனில் அவர்கள் வாழும் சுரங்க ஊர்ப் பக்கம் கோடையில் பெண்கள்தான் மாடு மேய்ப்பார்கள். மணி கட்டிய மாடு முன்னால் போகும். மற்றவை மணிச் சத்தத்தின் பின்னாலேயே வரும். ரயில் கொட்டகையில் வளர்ந்த அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது.

மாடுகளுக்குப் பிடித்த உப்பைக் கவுன் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு அவள் தண்டவாளத்தை நோக்கி ஓடினாள்.

அவள் பயந்தபடியே ஆயிற்று. இஞ்சின் வளைவில் நின்றிருந்தது. அதைச் சுற்றிப் பன்னிரண்டு மாடுகள். மைரோஸ் என்ற சிவப்புப் பசு மணியை நக்கிக்கொண்டிருந்தது.

இஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன ஆல்கோட், மாட்டை விரட்டச் சொன்னா விருந்துக்குக் கூப்பிட்டிருக்கீங்க?"

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. பார்க்கவே தோராவுக்கு அழுகை வந்தது.

"அப்பா, மணியைக் கழட்டுங்க!" என்று கத்திவிட்டு மேட்டின்மேல் ஏறினாள். அம்மா மாடுகளைக் கூப்பிடுவதுபோல, உச்சக் குரலில் நீளமாகக் கூவினாள். வீட்டில் அவள் அப்படிக் கூவினால், "காது கிழியுது, நிறுத்து!" என்பார் அப்பா.

அப்பா மணியைக் கழற்றினார். மைரோஸ் காதைத் திருப்பியது. பிறகு திரும்பி மேட்டை நோக்கி நடந்தது. மற்றவையும் வரிசையாகப் பின்தொடர்ந்தன. தோரா எல்லாவற்றுக்கும் உப்புக் கொடுத்தாள். கீழே விர்ரென்று ரயில் நகர்ந்தது.

மாலையில் அப்பா வரும்வரை அவளுக்கு வேலையே ஓடவில்லை.

"இஞ்சின்?"

"நம்மகிட்டயேதான்! நாலு நிமிஷம் முன்னாடியே போயிட்டோம்." அப்பா தயங்கித் தலையைச் சொறிந்தார். "தோராக் குட்டி, தினமும் ரயில் வர்ற நேரம், பத்து மணிக்கு, அப்படிக் கூவுவியா?"

"காது கிழியுமேப்பா?"

"கிழியட்டும். தைச்சுக்கிறேன்!"