மெழுகு மணப்பெண்

அரங்கத்தின் பின்கட்டிலிருந்த பழைய கிடங்குக்கு நிகனோர் போனபோது காலை பதினொரு மணி. ஆனாலும் பீட்டர்ஸ்பர்க்கின் பிப்ரவரி வெளிச்சம் பாத்திரம் கழுவிய தண்ணீர் போலக் கலங்கித்தான் கிடந்தது. நடன ஒத்திகைகளுக்கு வயலின் வாசிப்பது அவர் வேலை. முப்பது வருடமாக யாரும் ஆடாத ‘மெழுகு மணப்பெண்’ என்ற பாலே நடன நாடகத்தை மறுபடி மேடையேற்றப் போவதாக நடன ஆசிரியர் ஒரேஷ்னிகோவ் அறிவித்திருந்தார். அதன் இசைச்சுவடியைத் தேடி எடுக்கத்தான் நிகனோர் வந்தார். நாயகி வேடம் அவருடைய ஒரே மகள் லுகேரியாவுக்கு.

கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது.

எலி செத்த நாற்றம் இல்லை. ஊசிப்போன வாத்துக் கொழுப்பில் தலைமயிரைப் போட்டுக் கருக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

சுவடி கீழ்த்தட்டில் இருந்தது. தொட்டதும் விரல்கள் வழுக்கின. அட்டை முழுக்க மஞ்சள் பிசுக்கு. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தபோது, ஈரத்தோலை உரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கையைக் கோட்டில் துடைத்தார், சுவரில் தேய்த்தார், வெளியே வந்து பனியில் கழுவினார். போகவில்லை. மதியம் கடித்த ரொட்டியிலும் அதே வாடை. துப்பிவிட்டார்.

ஆடை அறையில் நாற்பது வருடமாகத் தைத்துவரும் பெலகேயா, சுவடியைக் கண்டதும் இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இத எதுக்குய்யா வெளிய எடுத்த?”

“லுகேரியா ஆடப்போறா.”

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். குரல் தாழ்ந்தது.

அந்த நாடகத்துக்கு இசை பதினோரு நாளில் எழுதப்பட்டது என்றாள். ‘இங்கே பதினாறு ஆவர்த்தனம் வால்ஸ் சுழல்நடனம், அங்கே எட்டு ஆவர்த்தனம் பயம்’ என்று ஒரேஷ்னிகோவ் துண்டுச்சீட்டில் கேட்பாராம். இசையமைப்பாளர் துணி அளந்து கிழிப்பதுபோல எழுதிக் கொடுப்பாராம். கதை இதுதான்: மெழுகுவர்த்தி செய்பவன் ஒருவன் மெழுகில் மணப்பெண் செய்கிறான். உயிர் வந்த அவள், அடுப்பருகே அவனோடு ஆடி உருகிப் போகிறாள். கடைசியில் எல்லா வாத்தியமும் அடங்க, ஒற்றை வயலின் மட்டும் சுரம் சுரமாக வழுக்கி இறங்கும்.

“ரெண்டாம் நாள் ஆட்டம். பரஸ்கேவான்னு பொண்ணு, பத்தொம்பது வயசு, பொன்னிற முடி. மேடை ஓரத்து கேஸ் விளக்குகிட்ட சுத்திவந்தா. பாவாடையில பத்திக்கிச்சு. உருகுற காட்சி பாரு... சனங்க வித்தைன்னு நெனச்சுக் கைதட்டுனாங்க.”

“வாசிப்ப நிறுத்தலையா?”

“நிறுத்தப் போனாங்க. அந்த ஒரேஷ்னிகோவ் ஓரமா நின்னுக்கிட்டு, ‘நிறுத்தாதே, இன்னும் எட்டு’ன்னு கையக் காட்டுனான். மேல் மாடத்துல உக்காந்திருந்த பெரிய மனுசன் எழுந்து நின்னு தட்டுறான்.” பெலகேயா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். “நான்தான் அவ துணிய உரிச்சேன். துணி மட்டுமா வந்துச்சு, தோலும் சேந்து வந்துச்சுய்யா.”

நிகனோர் நேரே ஒரேஷ்னிகோவின் அறைக்குப் போனார். அவர் புகைபோட்ட மீனைத் தின்றுகொண்டிருந்தார். உதடும் தாடியும் எண்ணெய்.

“என் பொண்ணு ஆடமாட்டா, ஐயா.”

“கிழவி சொன்னாளா?” விரலை ஒவ்வொன்றாகச் சப்பினார். “அன்னைக்கு விழுந்த கைதட்டல் மாதிரி இந்த ஊர்ல யாருக்கும் விழுந்ததில்ல, தெரியுமா? சாகறதுக்குள்ள இன்னொரு தடவை கேட்டுறணும்.”

பிணத்தின்மேல் உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறவனைப் பார்ப்பதுபோல நிகனோருக்கு இருந்தது.

ஆனால் லுகேரியா விடவில்லை. “எட்டு வருசமா பின்வரிசையிலயே ஆடுறேன்ப்பா. இப்ப மின்விளக்கு வந்தாச்சு. எது பத்திக்கப்போகுது? நீங்க வாசிக்கலன்னா வேற ஆளு வாசிப்பான்.”

வேறு ஆள் வாசிப்பதைவிடத் தானே பக்கத்தில் இருப்பது மேல் என்று நிகனோர் நினைத்தார்.

மறுநாள் மாலை ஐந்து மணி, ஒத்திகை அறை. ஜன்னல்களில் இருட்டு ஏறத் தொடங்கியிருந்தது. ஒரேஷ்னிகோவ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பெலகேயா மூலையில் நின்றாள். வால்ஸ் ஒழுங்காகப் போனது. உருகும் காட்சிக்கு நிகனோர் தாளைத் திருப்பினார்.

வாடை வந்தது.

முதல் சுரம் இழுத்தார். தந்தியில் கொழகொழவென்று ஏதோ கசிந்தது. விரலிடுக்கில் வழிந்து, மணிக்கட்டில் உறைந்தது.

லுகேரியா சுழன்றாள். நெற்றி வியர்வை தரையில் சொட்டியது.

சொட்டுகள் வெள்ளையாக இருந்தன. விழுந்த இடத்தில் இறுகின.

“அப்பா, சுடுது.”

வயலின் வில்லைத் தந்தியிலிருந்து எடுக்கப் பார்த்தார். வரவில்லை. கை தானாகப் போனது, வந்தது. லுகேரியாவின் இடுப்புச் சதை, யாரோ பின்னாலிருந்து அழுத்திப் பிடித்தாற்போல, ஐந்து விரல் அகலத்துக்குக் குழிந்தது.

“அற்புதம்! நிறுத்தாதே!” ஒரேஷ்னிகோவ் எழுந்து கைதட்டினார்.

“அப்பா!”

நிகனோரின் காதோரம் சூடான மூச்சு பட்டது. கருகிய தொண்டையிலிருந்து ஒரு பெண்குரல் கெஞ்சியது.

“இன்னும் எட்டு.”

நிகனோர் வயலினைக் கையோடு சேர்த்துக் பக்கத்திலிருந்த கணப்பு அடுப்பின் இரும்பு விளிம்பில் அடித்தார். ஒரு அடி. இரண்டு. மரம் பிளந்தது, ஒரு விரல் எலும்பும் முறிந்தது. இசை நின்றது. லுகேரியா சுருண்டு விழுந்தாள்.

கைதட்டல் நிற்கவில்லை.

ஒரேஷ்னிகோவ் தட்டிக்கொண்டே இருந்தார். முகம் வெளிறியிருந்தது. “புடிங்கடா, என் கையப் புடிங்கடா!” என்றார். தட்டத் தட்டச் சத்தம் மாறியது. சேற்றில் மிதிப்பதுபோலச் சொதசொதத்தது. உள்ளங்கைகள் குழைந்தன. எட்டாவது தட்டலில் ஒட்டிக்கொண்டன.

பிறகு அவர் வாந்தியெடுத்தார். வெதுவெதுப்பான வெள்ளைக் கொழுப்பு, தாடி வழியாகக் கட்டிகட்டியாக இறங்கியது. அதில் நீளமான பொன்னிற மயிர் பின்னியிருந்தது. பெலகேயா அதைப் பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. முடியும்முன் அவர் மூச்சு போய்விட்டது.

சவப்பெட்டியில் கிடத்தியபோது, கைகளை மார்பில் மடக்க முடியவில்லை. மருத்துவர் கத்தியோடு வந்தார். ஒட்டிய இடம் எதுவும் தெரியவில்லை, ஒரே சதை என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவடியை நிகனோர் அன்றே அடுப்பில் போட்டார். அது எரியவில்லை, உருகியது. அந்த வாரமே மகளை அழைத்துக்கொண்டு த்வேர் நகரத்துக்குக் குடிபோனார். லுகேரியா நடனத்தை விட்டாள். இடுப்புக் காயம் மெல்ல ஆறியது. வெண்ணெயைக் கண்டால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள். ஏப்ரலில் ஆற்றின்மேல் உறைந்திருந்த பனி உடைந்தது. அவள் ஒருநாள் சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை மாலையில் அவளைப் பொதுக் குளியலறைக்குக் கூட்டிப்போனார். பெண்கள் பக்கத்து வாசலில் உட்கார்ந்து காத்திருந்தார். லுகேரியா ஈரத்தலையில் துண்டைச் சுற்றி, கன்னம் சிவக்க வெளியே வந்தாள். இருவரும் தெருவில் இறங்கினார்கள்.

“ஏங்க, நில்லுங்க!” குளியலறை வேலைக்காரி பின்னால் ஓடிவந்தாள். “ஒருத்தியக் கூப்பிட்டுக்கிட்டுப் போறீங்க, இன்னொருத்தி?”

“எந்த இன்னொருத்தி?”

“இவ கையப் புடிச்சுக்கிட்டு வந்தாளே. நீராவி அறையில ஒக்காந்திருக்கா, எந்திரிக்கவே மாட்டேங்கிறா. முதுகு தேச்சு விடலாம்னு தொட்டேன்...”

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அருவருப்பில் அவள் வாய் கோணியது.

“இந்தா பாருங்க, தோலு கையோட வந்துருச்சு. இன்னும் சூடா இருக்கு.”