தாழம்பள்ளத்துத் தகரப்பெட்டி

“சூரியன் மறையுறதுக்குள்ள அந்த நோட்டு வரணும். இல்லன்னா வள்ளத்த வித்திருவேன்! பார் தெரியாதவளுகளுக்கு வள்ளம் எதுக்கு?” என்றார் பெரியப்பா.

“நோட்டும் வரும், வள்ளமும் போவாது!” என்றாள் ஜெனோவா.

கடலுக்கடியில் மீன் கூடும் பாறைகளான பார்களை அடையாளம் காண அப்பா எழுதிய நோட்டு அது. களவு போகாதிருக்க எங்கோ ஒளித்து வைத்திருந்தார். தன் வள்ளத்தைக் கரையில் விட்டு, வேறொரு படகில் போனவர் புயலில் சிக்கித் திரும்பவில்லை. வீட்டில் கிடைத்தது காலண்டர் தாளில் அவர் வரைந்த படம் மட்டும்: கடலோரக் குன்று, இருபுறமும் பள்ளத்தாக்கு, ஒரு கோபுரம், இடப்பக்கப் பள்ளத்தாக்கில் ஒரு சிலுவைக் குறி.

குன்றின் உச்சியில் வேனை நிறுத்தினான் பெரியப்பா மகன் கிளீட்டஸ். இடப்பக்கம் ஊரறிந்த பள்ளத்தாக்கு: கைப்பிடி வைத்த படிகள், ஐஸ் வண்டி, செல்ஃபிக் கூட்டம். வலப்பக்கம் தாழம்பள்ளம்: முள், பச்சை, அதற்கப்பால் ஆளில்லாத நீலம்.

“இடதுதான். நாலு தடவ தேடியாச்சு. வாங்க, அஞ்சாவதும் தேடுவோம்,” என்றான் அவன்.

தங்கை ஃப்ளோரி நகரவில்லை. “அக்கா, மாதா கோயில் கோபுரத்த அப்பா இடப்பக்கம் வரைஞ்சிருக்காரு. இங்க நின்னா அது வலப்பக்கம்லா நிக்கி!”

ஜெனோவாவுக்குப் பொறி தட்டியது. “அப்பா என்னைக்கு ரோட்டுல நின்னு பாத்தாரு? இது கடல்ல இருந்து வரைஞ்சது! வலதுதான்!”

“அங்க ஒருத்தனும் போறதில்ல பிள்ளே!”

“அதான் அங்க வச்சிருக்காரு. நீ ஐஸ் தின்னுட்டு இரு அண்ணே!”

இறங்கினார்கள். தாழை மடல்கள் கைகளைக் கீறின. பாதி வழியில் கல் உருண்டது, ஃப்ளோரி சறுக்கினாள்! ஜெனோவா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பற்றினாள்.

“விட்டுராத அக்கா!”

“விடுறதுக்கா பிடிச்சேன்? கால ஊனு!”

அடிவாரத்தில், படத்தில் சிலுவைக் குறி இருந்த இடத்தில், ஓர் ஊற்று, பக்கத்தில் குகை. அலை ஏறிக்கொண்டிருந்தது. இடுப்பளவு நீரில் நுழைந்து, பாறை இடுக்கைத் துழாவினாள் ஜெனோவா. தகரம்! மெழுகால் மூடிய பிஸ்கட் பெட்டி! உள்ளே நோட்டு நனையாமல் இருந்தது.

பொழுது சாயுமுன் அது பெரியப்பா முன் இருந்தது.

“பொம்பளைக கடலுக்குப் போவியளா?”

“கேட்டத கொண்டாந்தோம். வழி விடுங்க பெரியப்பா!”

மறுநாள் காலை, வள்ளம் கரையை விட்டு விலகியதும் ஃப்ளோரி அந்தத் தாளை உயர்த்திப் பிடித்தாள். கோபுரம் இடப்பக்கம், தாழம்பள்ளம் இடப்பக்கம். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. படத்தைப் பார்க்குமுன், வரைந்தவர் நின்ற இடத்தைத் தேடியிருக்க வேண்டும்.

“அப்பா இங்கதான் நின்னிருக்காரு,” என்றாள் ஃப்ளோரி.

ஜெனோவா கண்ணைத் துடைக்கவில்லை. தூண்டிலை இறக்கினாள்.