அக்காவோட விசில் நின்னப்போ

வார்டு கதவத் தொறந்ததுமே நாத்தம் மூஞ்சில அடிச்சுது. ஃபினாயில், ஊசிப்போன பால், யாரோ துப்புன சளி, எல்லாம் கலந்து. துப்பட்டாவால மூக்கப் பொத்திக்கிட்டேன். ஆனா அக்கா உள்ள இருக்கா, போய்த்தானே ஆகணும்?

அவளுக்குச் சின்னதுலேருந்தே வீசிங். மூச்சு விட்டா விசில் வரும், அதனால வீட்ல அவ பேரே குக்கர். சத்தத்த வச்சே அவ எப்படி இருக்கான்னு அம்மா சொல்லிடுவாங்க. இப்ப நிமோனியா வேற சேந்துக்கிச்சு. ஏற்கெனவே சுருங்கின மூச்சுக்குழாய், அதுல சளி பசை மாதிரி அடைக்கும், அவ மேல ஒரு கண்ணு வச்சுக்கங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார்.

மத்தியானம் விசில் நின்னுச்சு.

அம்மா கும்பிட்டுட்டு, "அப்பாடா, குக்கர அடுப்புலேருந்து எறக்கியாச்சு"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அக்காவோட ஒதடு நீலமா இருந்துச்சு.

ஊசி போட வந்த சிஸ்டர் நெஞ்சுல ஸ்டெத் வச்சதும் அவங்க மொகமே மாறிடுச்சு. விசில் நின்னா நல்லதுன்னு யாரு சொன்னது, காத்தே உள்ள போகலைன்னு அர்த்தம்னு எங்களத் திட்டிக்கிட்டே டாக்டரக் கூப்பிட ஓடுனாங்க. அவர் வந்து தொண்டைல டியூப் விட்டு மெஷின்ல சளிய உறிஞ்சுனார். டியூப் பாதில அடைச்சுக்கிச்சு. இடுக்கியால புடிச்சு இழுத்தார்.

வழவழன்னு வந்துச்சு. வந்துக்கிட்டே இருந்துச்சு. சளிதான், ஆனா கெளை கெளையா, மண்ணோட புடுங்குன வேர் மாதிரி, பச்சையும் மஞ்சளுமா. அழுகுன முட்டை நாத்தம்.

ட்ரேல விழுந்ததும் அது சுருண்டுச்சு.

விசில் அடிச்சுது.

எல்லாரும் அக்காவையே பாத்துக்கிட்டு இருந்ததால எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. சிஸ்டர் அத மூடி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அக்காவோட ஒதட்டுல நீலம் போயி மொகம் தெளிஞ்சுது. நெஞ்சு சுத்தமா இருக்குன்னு டாக்டர் சொன்னதும் அம்மா அழுதுக்கிட்டே அப்பாவுக்கு ஃபோன் பண்ண வெளிய போனாங்க.

அக்கா ஆக்சிஜன் மாஸ்க்க வெலக்கிக் கிசுகிசுத்தா.

"ஏய், நான் மூச்ச நிறுத்திப் பாத்தேன்டி."

"லூசா நீ? எதுக்கு?"

"நிறுத்தினாலும் நெஞ்சு ஏறி எறங்குது."

என் கைய இழுத்து முதுகுல வச்சுக்கிட்டா. வாய இறுக்கி மூடி, மூக்கப் பொத்திக்கிட்டா.

முதுகு ஏறுச்சு.

எறங்குச்சு.

அப்புறம் தோலுக்கு அடியில, ஈரமா, மெதுவா, ஒவ்வொரு கெளையா என் உள்ளங்கையத் தடவிப் பாத்துச்சு.