மூன்றாவது பூட்டு

நடுக்கோடைப் பண்டிகைக்கு மறுநாள் அய்லாவும் அவள் அண்ணன் ரவுனோவும் ஒட்டுப்பலகை ஆலை வாசலில் காரை நிறுத்தியபோது, அங்கே வேறு ஒரு வண்டிகூட இல்லை. ஊரே ஏரிக்கரைக் குடில்களில் நெருப்பு மூட்டி, குடித்து, இன்னும் எழுந்திருக்காமல் கிடந்தது. அந்த வடகோடி ஊரில் கோடை ராத்திரி முழுக்கப் போகாத வெளிச்சம் ஆலையின் தகரச் சுவரில் வெளிறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா புது உருளைக்கிழங்கு வேகவெச்சு உக்காந்திருப்பா. சாப்பாட்டுக்குப் போகலன்னா என் தோலை உரிச்சிருவா," என்றான் ரவுனோ.

"உன்னை ஏன் உரிக்கணும்? நீ அவளோட சொக்கத் தங்கம். உனக்கு ஒரு கீறல் விழுந்தாலும் என்னைத்தான் கேப்பா."

"அதுதான் உன் வேலை. என்னை முழுசா வீட்டுல கொண்டுபோய் சேக்கிறது."

இருவரும் பழுது பார்க்கிறவர்கள். ரவுனோ இங்கே பழம் பெருச்சாளி. அய்லா வேறொரு ஆலையிலிருந்து போன மாதம்தான் வந்தாள்.

உள்ளே ஊறிய பிர்ச் மரத்தின் வாடை. இனிப்பும் புளிப்புமாகத் தொண்டையில் போய் உட்காரும் வாடை.

கூடத்தின் நடுவே, கம்பி வலைக் கூண்டுக்குள் அந்த எந்திரம் நீண்டு கிடந்தது. உலர்ந்து வரும் மரத்தாள்கள் நகத்தின் கனம்தான் இருக்கும். ரப்பர் கிண்ணங்கள் மேலிருந்து அவற்றை உறிஞ்சித் தூக்கும். கேமரா பார்த்துத் தரம் பிரிக்கும். அந்தந்த அடுக்கின் மேல் போய்ப் போடும். மனிதக் கை படவே படாது. தாளை விடும்போது மட்டும் எல்லாக் கிண்ணங்களும் சேர்ந்து ஒரு மூச்சு விடும்.

ஹ்ஹா.

வந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் அய்லாவுக்குப் பிடிக்கவில்லை.

கூண்டுக்குள் போகுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அவரவர் பூட்டை அதில் மாட்ட வேண்டும். எந்த ஆலைக்குப் போனாலும் இதுதான் வழக்கம். ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. சாவி யார் பையில் இருக்கிறதோ அவர் உள்ளே இருக்கிறார். பூட்டு தொங்கும்வரை யாரும் சுவிட்சைப் போட முடியாது. அடுத்தவர் பூட்டைத் தொடுவது எச்சில் தட்டில் கை வைப்பதைவிடக் கேவலம்.

இருவரின் சிவப்புப் பூட்டுகளும் சுவிட்சில் தொங்கின. தேய்ந்துபோன கிண்ணங்களைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலை. ரவுனோ கதை அளந்துகொண்டே செய்தான், அவள் திட்டிக்கொண்டே செய்தாள். முடிந்ததும் வெளியே வந்து அவன் தன் பூட்டை எடுத்துக்கொண்டான்.

"நான் கடைசி அடுக்குக்கிட்ட நிக்கிறேன். நீ உன் பூட்டை எடுத்துட்டு சுவிட்சைப் போட்டுப் பாரு. எல்லாம் பிடிக்குதான்னு நான் பாக்கறேன்."

அவன் காதடைப்பானுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விசிலடித்துக்கொண்டே போனான்.

அய்லா சாமான்களை எடுத்துவைத்துவிட்டு வந்து தன் பூட்டைத் திறந்தாள்.

இன்னொரு பூட்டு தொங்கியது.

பித்தளைப் பூட்டு, பழசு. பெயர் இல்லை. விளையாடுகிறான், வேறு யார் என்று நினைத்துத் தொட்டாள். ஈரமாக இருந்தது. யாரோ வெகுநேரம் கைக்குள் வைத்திருந்ததுபோல் கதகதப்பாகவும் இருந்தது.

"அண்ணே, சாவியக் குடு. பசிக்குது."

விசில் நின்றிருந்தது.

எரிச்சலோடு சுவரிலிருந்த இரும்பு வெட்டும் கத்தரியை எடுத்து வந்தாள். அதன் வாயைப் பூட்டின் வளையத்தில் வைத்தாள்.

ஹ்ஹா.

கிண்ணங்களை இயக்கும் பம்பு ஓடவில்லை. சுவிட்ச் அணைந்திருந்தது. மூச்சு கூண்டுக்குள்ளிருந்து வந்தது.

அவள் திரும்பினாள். கூண்டின் அந்தக் கோடியில் கதவு திறந்திருந்தது. தாள் விழும் இடத்துக்கு நேர் கீழே, அடுக்கை ஏற்றி இறக்கும் மேடைக்கு அடியில், இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

ரவுனோவின் பூட்ஸ்.

ஓடிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தாள். தலையை இடித்துக்கொண்டு அவன் வெளியே வந்தான். கையில் ஒரு ஸ்பேனர்.

"என்னடி, பேய் மாதிரி இழுக்கிற? இதை உள்ளயே விட்டுட்டேன். ஒரு நிமிஷ வேலை."

"பூட்டு மாட்டாமயா? நான் சுவிட்சைப் போட்டிருந்தா?"

"போடலியே."

"உன் பித்தளைப் பூட்டு தொங்குச்சு. அதனாலதான் போடல."

ரவுனோ காதடைப்பானைக் கழற்றினான். சிரிப்பு பாதியில் நின்றது.

"பித்தளைப் பூட்டா?"

சுவிட்சின் அருகே வந்து பார்த்தவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். சின்ன வயதில் அம்மா அடிக்க வந்தால் அப்படித்தான் நிற்பான். குரலை இறக்கிச் சொன்னான்.

"கலெர்வோன்னு ஒருத்தன் இருந்தான். நான் சேர்றதுக்கு முன்னாடி. இதே மாதிரி ஒரு நடுக்கோடை. அவனோட பித்தளைப் பூட்டு மட்டும் தொங்குச்சாம். குடில்ல போய்க் குடிச்சிட்டுக் கிடப்பான், பூட்டை மறந்துட்டான்னு நினைச்சு வெட்டிட்டாங்க. சுவிட்சைப் போட்டுட்டாங்க. அவன் உள்ளதான் இருந்தான்."

அய்லா அந்தப் பூட்டைப் பார்த்தாள்.

"அப்போ அவருதான் உன்னைக் காப்பாத்தியிருக்காரு," என்றாள்.

"அய்லா." அவன் பூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பூட்டு தொங்குனா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். நான்தான் வெளிய வந்துட்டேனே."

பூட்டு இன்னும் தொங்கியது.

கூண்டுக்குள் ஏதோ சரசரத்தது.

அடுக்கின் மேலிருந்த தாள் ஒன்று தானாக எழுந்தது. புதிய கிண்ணங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. காற்றே இல்லாத இடத்தில் அது தொங்கி ஆடியது. பின்பு நடுவில் மெல்ல உப்பியது. அடங்கியது. உப்பியது.

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ முகத்தை அழுத்தி மூச்சு விடுவதுபோல.

ரவுனோ அவள் கையைப் பிடித்தான். சாமான்களை எடுக்காமல், விளக்கை அணைக்காமல், இருவரும் காருக்கு ஓடினார்கள்.

வீட்டில் அம்மா ரவுனோவின் நெற்றி வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "இவனை ஒழுங்காப் பாத்துக்கத் தெரியாதா உனக்கு?" என்றாள். அதைக் கேட்டதும் அய்லாவுக்கு அழுகை வந்தது. அண்ணன் முழுசாக உட்கார்ந்து, உருளைக்கிழங்கில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அது போதும்.

சாப்பிட்டபின் ஏரிக்கரையில் இருந்த சவுனாவுக்கு, நீராவிக் குளியல் குடிலுக்குப் போனாள். வேர்த்துக் குளித்தால் அந்த வாடை போகும். உடை மாற்றும் அறையின் கதவைச் சாத்தினாள். பூட்டு கிடையாது. காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க வெளியே ஒரு கொக்கி உண்டு, அவ்வளவுதான்.

வேலைச் சட்டையைக் கழற்றிப் பையில் கைவிட்டாள். அவள் சாவி இருந்தது.

பக்கத்தில் இன்னொன்று இருந்தது.

பித்தளைச் சாவி. ஈரமாக, கதகதப்பாக.

அறைக்குள் பிர்ச் வாடை எழுந்தது. சவுனாவில் உடம்பில் அடித்துக்கொள்ளக் கட்டிவைத்த பிர்ச் தழையின் மணம் இல்லை. இனிப்பும் புளிப்புமாகத் தொண்டையில் போய் உட்காரும் அந்த வாடை.

வெளியே அம்மாவின் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"அய்லா, துண்டு கொண்டாந்திருக்கேன். ஏண்டி, இந்தக் கதவுல யாரு பூட்டு மாட்டினது?"

அய்லா உள்ளிருந்து கதவைத் தள்ளினாள். அது அசையவில்லை.

ஹ்ஹா.

மூச்சு அவள் பின்கழுத்தில் பட்டது.