சனிக்கிழமை வருகிற அக்கா

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கடல் கரையைத் தின்று முடித்த பிறகு நடந்த கதை ஒன்று வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு, யாரை நம்புவது யாரைச் சந்தேகப்படுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

கடல்மேல் மிதக்கிற புன்னைப்பாடு மிதவூரில், கித்தேரியம்மாள் வீட்டுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். பேர் தொம்மை என்றான். அவள் கூடப்பிறந்த தம்பி என்றான். கித்தேரி கதவை ஒட்டி நின்றுகொண்டு, அவன் கை போகிற வழியெல்லாம் கண்ணை ஓட்டினாள். விருந்துக்கு வந்தவனைப் பார்க்கிற பார்வை இல்லை அது. கருவாட்டுக் கூடைப் பக்கம் வந்த பூனையைப் பார்க்கிற பார்வை.

தம்பி தொலைந்து முப்பத்துநாலு வருஷம். பழைய ஊரைக் கடல் எடுத்தபோது அவனுக்கு நாலு வயது, அவளுக்குப் பதினாலு. அப்போது சிதறிய பிள்ளைகள் எந்தெந்த முகாமிலோ வளர்ந்து, இப்போது கப்பல் கப்பலாகத் திரும்பி வருகிறார்கள். உறவு என்று ஒருத்தர் கையெழுத்துப் போட்டால்தான் மிதவூரில் கால் வைக்கலாம். இல்லையென்றால் அதே கப்பலில் திரும்ப வேண்டியதுதான். அதனால் பொய்த் தம்பிகளும் பொய் மகள்களும் நிறைய.

ரத்தத்தைப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. பெருங்காய்ச்சலுக்குப் பிறகு எல்லாருக்கும் மரபணுத் திருத்தம் போட்டாயிற்று. இப்போது எல்லார் ரத்தமும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி.

"குழம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள், ஆழம் பார்க்க.

"புளி தூக்கல். ஆனா அம்ம சொல்லுவால்லா, குறை சொல்லுத வாய்க்கு முள்ளுதான் மாட்டும்னு."

அது அம்மா சொல்லுகிற அதே சொல். அதே இழுப்பு. வடக்கே எங்கோ ஆயிரம் மைல் தள்ளி வளர்ந்தவன் வாயில், இவர்கள் தெருவே மூழ்கிப்போன பிறகும், தெருப்பேச்சு நனையாமல் இருந்தது. கித்தேரிக்கு அதுதான் பிடிக்கவில்லை.

அவன் கடைசி உருண்டையைத் தின்னாமல் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான்.

"அத ஏன் மிச்சம் வைக்கீரு?"

"அது அக்காவுக்கு. சனிக்கிழமை அக்கா வருவால்லா."

கள்ளன் அகப்பட்டுக்கொண்டான். தம்பி இருந்தவரை அவள் ஒருநாளும் வீட்டைப் பிரிந்ததில்லை. விடுதியில் சேர்ந்து சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வந்தது, அவன் தொலைந்த பிறகு. தொலைந்துபோன பிள்ளைக்குச் சனிக்கிழமை எப்படித் தெரியும்?

அவள் வாயைத் திறக்குமுன் இனங்காண் அலுவலர் இசக்கிராஜ் படகை விட்டு இறங்கி வந்தார். கையில் வளர்ப்புமானி. பார்க்க ஆப்பச்சட்டி மூடி மாதிரி இருக்கும். பிடரியில் ஒட்டவைத்தால் காதுக்குள் சில சத்தங்களைப் போடும். ஒரு சத்தம் கேட்டதும் உடம்பு முதலில் அசையப் பார்க்கும், அதற்குப் பிறகுதான் புத்தி வந்து தடுக்கும். நடுவில் இருக்கிற அந்தக் கண்ணிமைப் பொழுதைத்தான் மானி படிக்கும். கதையை மனப்பாடம் செய்யலாம், பேச்சைப் பழகலாம். அந்தக் கண்ணிமைப் பொழுதில் மட்டும் வளர்த்தவள் கை இருக்கும் என்பார்கள்.

"உக்காருங்கம்மா. மொதல்ல உங்களுக்கு, அப்புறம் அவருக்கு."

மழைச் சத்தம் வந்தது. கோயில் மணி வந்தது. வெண்கலத் தட்டு ஒன்று விழுகிற சத்தம் வந்தது. அவளுக்குக் கால்விரல்கள் உள்ளே மடங்கின. தட்டு விழுந்தால் "கால எடுட்டி" என்று கத்துவாள் அம்மா. அடுத்து அவனுக்கு ஒட்டினார்கள். கித்தேரி குனிந்து அவன் பாதத்தையே பார்த்தாள். விரல்கள் மடங்கின.

இசக்கிராஜ் நிமிர்ந்தார். "நூத்துக்குத் தொண்ணூத்தாறு. பத்து வருஷத்துல இவ்வளவு நான் பார்த்ததில்ல. உங்க அம்மா வளர்த்த பிள்ளைதான். கையெழுத்துப் போடுங்க."

"மிஷினு சொன்னாச் சரியாப் போச்சா? இவன் கள்ளன் சார். சனிக்கிழமைக் கணக்கு இடிக்குது." அவள் அந்த ஆள் பக்கம் திரும்பினாள். "அம்ம மூஞ்சி எப்படி இருக்கும்? சொல்லும் பாப்போம்."

அவன் யோசித்தான். பொய் தேடுகிறவன் யோசனையாக அது இல்லை.

"கை தெரியும். சத்தம் தெரியும். மூஞ்சி இருக்கவேண்டிய இடத்துல சாம்ப நெறத்துல ஒரு வலை இருக்கும். அதுக்குள்ள இருந்துதான் பேசுவா."

இசக்கிராஜ் தன் கைப்பலகையில் எதையோ தேடினார், நெடுநேரம் தேடினார். கண்டுபிடித்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"தாதிப்பொறி" என்றார். "முகாம்ல தாயில்லாப் பிள்ளைகள வளர்க்கச் செஞ்ச எந்திரம். மூஞ்சி இருக்காது, சத்தம் வர்ற வலை மட்டுந்தான். வெறும் பொறி வளர்த்தா பிள்ளைக பேசாம, சிரிக்காமப் போயிடுது. அதனால நெசமான ஒரு தாயோட பேச்சையும் கையசைவையும் பதிஞ்சு அதுக்குள்ள வெச்சாங்க. பத்து மாசம் பதிஞ்சிருக்காங்க. தாய் பேரு… பிரகாசியம்மா."

அம்மா பெயர்.

தம்பி தொலைந்த அடுத்த வருஷத்துச் சனிக்கிழமைகள் கித்தேரிக்குச் சட்டென்று நினைவில் வந்தன. விடுதியிலிருந்து வந்தால், நிவாரணக் குடிசையில் அம்மா ஆளில்லாத தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோறு உருட்டிக்கொண்டிருப்பாள். "தின்னுல தொம்ம, அக்கா இன்னா வந்துட்டா" என்பாள். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, கித்தேரி வெட்கப்பட்டு வெளியே போய் நிற்பாள். பிள்ளை முன்னால் இருப்பதாக நினைத்துப் பேசு, எங்கிருந்தாலும் அவன் காதில் விழும் என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளும் நம்பிப் பேசியிருக்கிறாள்.

"அப்ப உம்ம நெசப் பேரு என்ன?" என்று அவனைக் கேட்டாள்.

"தொம்மதான். எங்க முகாம்ல எல்லாரும் தொம்மதான். அம்ம அப்படித்தான் கூப்பிடுவா. பொம்பளப் பிள்ளைகளும் தொம்ம. நான் பதினேழாவது." அவள் பக்கம் திரும்பினான். "ஏமாத்தணும்னு வரல அக்கா. சனிக்கிழமை சனிக்கிழமை எல்லாரும் வாசல்ல வந்து உக்காருவோம். நீங்க வரவே இல்ல. சரி, நாமளே போயிப் பாப்போம்னு சீட்டுக் குலுக்கிப் போட்டதுல பதினேழு வந்துச்சு."

"எத்தன பேரு?"

"என்னயும் சேத்து நானூத்திப் பன்னெண்டு. மத்தவங்க கப்பல்ல இருக்காங்க."

இசக்கிராஜ் படிவத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அம்மா, இப்ப நான் சொல்றதக் கேளுங்க. 'இல்ல'ன்னு போட்டுடுங்க. சட்டப்படி ஒரே அளவு காட்டுற எல்லாரும் ஒரே குடும்பம். நீங்க இவர ஏத்துக்கிட்டா நானூத்திச் சொச்சம் பேரும் இறங்குவாங்க. இந்த ஊர்ல வீடே அறுபதுதான்."

"இப்பத்தான மிஷினு சொல்லுது, கையெழுத்துப் போடுன்னீரு."

"மிஷின் சரியாத்தான் சொல்லுது. அதுதான் சிக்கலு. இன்னொண்ணும் இருக்கு. நீங்க போட்டதும் உங்க தம்பி தேடல் பதிவு மூடிடும். நெசத் தம்பி நாளைக்கு வந்து நின்னாலும் எடமில்ல."

கித்தேரி இந்த முறை சந்தேகப்பட்டது அவரைத்தான். அம்மாவிடம் கேட்காமல் அவள் குரலை நானூறு பேருக்குப் பங்கு வைத்த அதிகாரிகளே, இப்போது பங்கு கேட்டு வந்தவர்களை விரட்டச் சொல்கிறார்கள்.

"ஏ தொம்ம" என்றாள். முதல் முறையாக அந்தப் பேரைச் சொல்லிவிட்டாள். "முகாமுக்கு வாரதுக்கு முன்னாடி உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தண்ணி மட்டும்."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் அதேதான். எல்லாரும் இந்தக் கடல்ல இருந்து எடுத்த பிள்ளைகதான?"

கித்தேரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அம்மா ஆசைப்பட்டது நடந்திருக்கலாம். இவனோ, அந்தக் கப்பலில் இருக்கிற ஒருவனோ அவள் வயிற்றில் பிறந்த தொம்மையாகவே இருக்கலாம். அவள் குரல் அவன் காதில் விழுந்திருக்கலாம். அதைக் கேட்டே அவன் வளர்ந்திருக்கலாம். அப்படி வளர்ந்திருந்தால், அந்த ஒரே காரணத்தால், அவனை இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது. எந்த மானியை வைத்தாலும் தொண்ணூற்றாறுதான் காட்டும். ஒருவனைத் தள்ளினாலும் தள்ளியது அவனாக இருக்குமோ?

எவனையும் நம்பி அவள் கையெழுத்துப் போடவில்லை கண்ணுகளா. சந்தேகம்தான் அவள் கையைப் பிடித்துப் போட வைத்தது.

பொழுது சாய்வதற்குள் படகுகள் வர ஆரம்பித்தன. கித்தேரி மிதவையின் விளிம்பில் நின்று, ஏறுகிறவர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். கொடுத்த கையை உடனே விடவில்லை. முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள், இவனோ, இவனோ என்று. அவர்களும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அம்மாவுக்கு முகம் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று.

போய் வாருங்கள். உங்கள் வீட்டு உலை ஓயாமல் கொதிக்கட்டும், வந்தவருக்கெல்லாம் பானைச் சோறு காணட்டும். உங்கள் பிள்ளைகளை நீங்கள் கூப்பிடுகிற குரல், கூப்பிட்ட பிள்ளைக்கே கேட்கட்டும். உங்கள் குடும்பம் தழைக்கட்டும்.